பீச்சாங்கை வண்டி

வெல்டிங் பட்டறைக்கு வேலை கொடுக்க வருகிறவர்களைவிட யோசனை கொடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் வளைகுடாவில் பல வருஷம் பைப் வெல்டிங் பார்த்தேன். அங்கே வெயில் சுட்டது, தீப்பொறி சுட்டது, சூப்பர்வைசர் வாயும் சுட்டது. ஆனாலும் ரோட்டில் போகிற ஒருத்தர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இத இப்புடி வைக்காம அப்புடி வச்சா என்ன?" என்று கேட்டதில்லை. அந்த நிம்மதி ஊருக்கு விமானம் ஏறியதோடு போயிற்று.

தையல் மெஷின் வைத்திருக்கிறவர்கள், மோட்டார் காயில் கட்டுகிறவர்கள், சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவர்கள், இன்னும் கையில் ஒரு தொழிலை வைத்துக்கொண்டு ஊர் வாயில் விழுந்து எழுகிற என் சக பாவிகள் எல்லோருக்கும் சொல்கிறேன். ஒரு பழைய மினி டிராக்டருக்கு மண் தோண்டுகிற கை செய்து மாட்டிய கதை இது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை.

வண்டி இருக்கு

ஆவணி மாதத்தில் ஒரு காலை. பட்டறை வாசலில் பழைய மினி டிராக்டர் ஒன்று இருமிக்கொண்டு வந்து நின்றது. தென்னந்தோப்புக்குள் உழுவதற்கு வாங்குவார்களே, அந்தச் சின்ன ரகம். பெயிண்ட் எந்தக் காலத்திலோ போய்விட்டது. ஓட்டி வந்தவர் பாக்கியம் அக்கா. ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமம். புருஷன் முருகேசன் கத்தாரில் டிரைவர். நிலம், மாடு, பிள்ளைகள், இந்த இருமல் டிராக்டர் எல்லாம் அக்கா பொறுப்பு.

அக்காவின் வயலுக்குக் கண்மாய் மடையிலிருந்து ஒரு வாய்க்கால் வருகிறது. அது மண் மேவி, சீமைக் கருவேலம் வேர் இறங்கி, வாய்க்கால் இருந்த இடமே தெரியாமல் கிடக்கிறது. போன வருஷம் கண்மாய் நிறையத் தண்ணீர் இருந்தும் வயலுக்கு வரவில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பயிர் காய்ந்தது. மம்பட்டி எடுத்து வந்த ஆட்கள் வேரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். ஊரில் எல்லோரும் மஞ்ச வண்டி என்று சொல்கிற பெரிய தோண்டும் மெஷினைக் கூப்பிடலாம் என்றால், வாய்க்காலை ஒட்டிப் பக்கத்துத் தோப்புக்காரர் கல்லுக்கால் ஊன்றி வேலி போட்டுவிட்டார். மினி டிராக்டர் போகிற அகலம்தான் பாக்கி. அளவு, வழக்கு என்று இறங்கினால் அதுவரைக்கும் மழை பொறுத்திருக்காது.

முருகேசன் போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம். இந்த வருஷமும் தண்ணீர் ஏறவில்லை என்றால் நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்று. வாங்குவதற்குத் தயாராக நிற்பவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே வேலிக்காரர்தான்.

எனக்கு அப்போதே சுரீர் என்றது. மழைக்கு முன்னால் முடித்துத் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னபிறகுதான் டிராக்டரைச் சுற்றி வந்து பார்த்தேன். இதற்குக் கை வைப்பதற்குப் பதில் புது வண்டி ஒன்றுக்கு ஏற்பாடு பண்ணலாமே என்று மெல்ல இழுத்தேன். அக்கா டிராக்டரின் மட்கார்டைத் தட்டிச் சொன்னார்: "வண்டி இருக்கு பாய். கைதான் இல்ல."

ஜோடி

மண் தோண்டுகிற கைக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூன்று மடக்கு உண்டு. ஒவ்வொரு மடக்கையும் நீட்டி மடக்க எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற ஜாக்கி வேண்டும். அதுபோகக் கை முழுவதையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப இன்னும் இரண்டு ஜாக்கி. இதெல்லாம் புதிதாக வாங்கினால் டிராக்டரைவிட ஜாக்கி பெரிய சொத்தாகிவிடும். அதனால் பழைய இரும்புக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் டீ சொன்னார். அப்போதே நான் உஷாராகி இருக்க வேண்டும். உடைந்த மெஷின்களில் கழற்றியதில் மூன்று ஜாக்கி தேறின. திருப்புகிற ஜாக்கி ஜோடியாகக் கிடக்கிறது, அச்சு அசல், ஒரே வண்டியில் கழற்றியது என்று எடுத்துப் போட்டார். மேலே கிரீஸை அப்பி வைத்திருந்தார். பட்டறைக்குக் கொண்டுவந்து துடைத்துப் பார்த்தால், ஒன்றின் தண்டு வாழைக்காய் மாதிரி வளைந்திருந்தது. லேத்துக்குக் கொண்டுபோனேன். லேத்துக்காரர் அதைத் தொடக்கூட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போய்க் கத்தினேன். நான் கத்தியதில் பக்கத்துக் கடை ஆட்கள் வந்துவிட்டார்கள். கடைக்காரர் அசையவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஜோடின்னுதான பாய் சொன்னேன், ரெண்டும் வேல செய்யும்னு சொன்னனா?"

வேலியோரம்

ஒரு ஜாக்கியை மட்டும் மாட்டினால் கை நடுவிலிருந்து ஒரு பக்கம்தான் திரும்பும். எந்தப் பக்கம் என்று முடிவு செய்வதற்கு இடத்தைப் பார்க்கப் போனேன். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், பின்னால் எனக்கு இதில்தான் வயிறு எரிந்தது.

வாய்க்காலுக்குள் போக ஒரே வழிதான். உள்ளே போன வண்டி திரும்பவும் இடமில்லை. கை வண்டியின் பின்னால் இருப்பதால், மடை வரைக்கும் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து தோண்டிக்கொண்டே வெளியே வரவேண்டும். மடையைப் பார்த்து உட்கார்ந்தால் வலப்பக்கம் வேலி. இடப்பக்கம் அக்காவின் வயல். வலப்பக்கம் கை திரும்பினால் கல்லுக்காலில்தான் இடிக்கும். ஆக, இடப்பக்கம் மட்டும் திரும்பினால் போதும். வளைந்த ஜாக்கி போனால் போகட்டும் என்று எனக்கு உற்சாகமே வந்துவிட்டது. டேப்பை மடக்கிப் பையில் வைத்தேன்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல். சுப்பையா அண்ணன். வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, கையில் போன். வேலிக்காரர் இவர்தான். நான் அளந்ததை எல்லாம் தென்னை மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். நல்லா இருக்கியா, வீட்டில் எல்லோரும் சுகமா என்று அன்பாக விசாரித்தார். கத்தாரில் இருக்கிற முருகேசனுக்கே இந்த நிலத்தில் நாட்டமில்லை, நீ ஏன் வெயிலில் கிடந்து சாகிறாய் என்று எனக்காக வருத்தப்பட்டார். வேலி வாய்க்காலுக்கு ரொம்பவும் நெருக்கமாக இருக்கிறதே அண்ணே என்று கேட்டேன். அது காதில் விழாத மாதிரி போனை ஆட்டிக் காட்டினார்.

"செய்யி தம்பி, தாராளமா செய்யி. ஆனா ஒரு கட்டி மண்ணு நம்ம பக்கம் விழுந்துச்சுன்னு வையி, வீடியோ எடுத்துக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவேன்."

நாலு பல்

தோண்டுகிற பக்கெட்டின் வாயில் பல் வைக்க வேண்டும். பழைய லாரியின் பட்டைத் தகட்டை வெட்டி நாலு பல் செய்து, பக்கெட்டில் வைத்துப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் அக்கா போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். போனுக்குள் முருகேசன். பின்னால் பாலைவனம், அதில் வீடு அளவுக்கு ஒரு தோண்டும் மெஷின். அதைக் காட்டிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்.

பல்லைக் காட்டச் சொன்னார். காட்டினேன். எண்ணினார். நாலு ஆகாதாம். படியானாலும் பல்லானாலும் ஒற்றைப்படையாக இருக்கவேண்டுமாம். அங்கே ஓடுகிற மெஷின்களுக்கெல்லாம் ஐந்துதானாம். பக்கெட்டே வாய்க்கால் அகலத்துக்குச் சின்னதாகச் செய்தது, ஐந்து பல் வைத்தால் இடைவெளி அடைந்து மண் அள்ளாது, மண்ணைத் தடவித்தான் கொடுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாகக் குறைத்தால் வேரில் மாட்டிப் பல்லே பெயர்ந்துவிடும் என்றும் சொன்னேன். நிலத்தை விற்கலாம் என்று சொன்ன மனிதர் பல்லுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நின்றார். கத்தாருக்குக் கை நீளுமானால் அந்த இடத்திலேயே அவரைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

அக்கா பாவமாகப் பார்த்தார். வந்த கோபத்தில் ஐந்தாவது பல் ஒன்றை வெட்டி, பக்கெட்டின் வாயில் வைக்காமல் பக்கவாட்டில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற மாதிரி ஒட்டினேன். இப்போ எண்ணிப் பாருங்கள் என்றேன். அந்தப் பல்தான் பிற்பாடு கருவேலம் வேரைக் கத்தரித்துக் கொடுத்தது. இதை முருகேசனிடம் நான் இன்னமும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். அன்றைக்கு அவர் போனுக்குள் திருப்தியாகத் தலையாட்டினார்.

"பாத்தீங்களா பாய், நாம சொல்லிக் குடுத்தா எல்லாம் வரும்."

முன் சக்கரம்

வெள்ளோட்டம் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில். தோண்டுகிற வண்டி என்றால் நம் ஆட்களுக்கு என்ன மாயமோ தெரியவில்லை. வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்து நின்றுவிடுகிறார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்தார்கள். எதிர் டீக்கடையில் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். டீ மாஸ்டரும் வந்துவிட்டார், அடுப்பை யார் பார்த்தார்கள் என்று தெரியாது.

லீவரைத் தள்ளினேன். கை நீண்டது, பக்கெட் மண்ணில் இறங்கியது, பிறகு டிராக்டரின் முன் சக்கரம் இரண்டும் மெல்ல அந்தரத்தில் எழுந்தன. மண் கெட்டி, வண்டி லேசு, அதனால் கை மண்ணைத் தூக்குவதற்குப் பதில் வண்டியைத் தூக்கியது. இது நான் எதிர்பார்த்ததுதான். முன்னால் பாரம் கட்ட வேண்டும், பின்னால் ஊன்று கால் இரண்டையும் அகட்டி வைக்க வேண்டும். அதற்குத்தானே வெள்ளோட்டம் பார்ப்பது? ஆனால் கூட்டத்துக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. கைத்தட்டல், விசில். என் கண்ணாடியைக் கழற்றி மண்ணில் எறிந்துவிட்டு, ஓடுங்கடா எல்லோரும் என்று கத்தினேன். ஒருத்தரும் ஓடவில்லை. டீ மாஸ்டர் மட்டும் பொறுப்பாக முன்னால் வந்தார்.

"கோவப்படாதீங்க பாய், பானட்டு மேல ஒரு தடியான ஆளா பாத்து ஒக்கார வச்சா சரியாப் போயிரும்."

பீச்சாங்கை

முன்னால் பழைய அம்மிக்கல்லும் சிமெண்டு கட்டையும் வைத்துக் கட்டினேன். ஊன்று காலை அகட்டிப் பற்றவைத்தேன். அதே கூட்டத்துக்கு முன்னால் நடந்த மறு வெள்ளோட்டத்தில் வண்டி ஆடாமல் நின்றது, பக்கெட் நிறைய மண் அள்ளியது, இடப்பக்கம் திரும்பிக் கொட்டியது. அள்ளியது, இடப்பக்கம் கொட்டியது. பாக்கியம் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

அந்த நேரம் பார்த்து சுப்பையா அண்ணன் தன் மோட்டார் பைக்கை ரோட்டோரம் நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கே சோத்தாங்கைப் பக்கம் திருப்பு பார்க்கலாம் என்றார். அந்தப் பக்கம் திரும்பாது, தேவையும் இல்லை, உங்கள் வேலிதான் அங்கே நிற்கிறதே என்றேன். அவ்வளவுதான். அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, இது பீச்சாங்கை வண்டி என்றார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுநாள் பஸ் கண்டக்டர்கூட என் பட்டறை ஸ்டாப்பில் நின்று, பீச்சாங்கை எறங்கு என்று கூப்பிட்டார்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் பிறவியிலேயே இடது கைக்காரன். சாப்பாடும் சலாமும் வலது கைக்கு வந்துவிட்டன, அதில் எனக்குத் தகராறு இல்லை. வெல்டிங் ஹோல்டர் மட்டும் இடது கையில்தான் நிற்கும். வளைகுடாவில் சுவரை ஒட்டி ஓடுகிற பைப்பில், மற்றவர்களுக்குக் கை எட்டாத மூலை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே அந்தக் கைக்கு மரியாதை இருந்தது. இங்கே அதே கையால் ஒரு நட்டை எடுத்து நீட்டினால், வாங்க வந்தவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். கேட்டைப் பற்றவைக்கும்போது எந்தக் கை என்று கேட்காதவர்கள், கேட்டின் சாவியைக் கொடுக்கும்போது கேட்கிறார்கள். இப்போது நான் செய்த இரும்புக் கைக்கும் அதே பேர்.

நான் லீவரை விட்டுவிட்டு இறங்கினேன். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அக்கா பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "விடுங்க பாய், கழுவுறதும் ஒரு கைதான், அது இல்லாட்டி ஊரே நாறிப் போயிரும்."

வேடிக்கை

புரட்டாசி முடியப் போகிற நேரம். வானம் மூட ஆரம்பித்துவிட்டது. ஒரு நல்ல மழை இறங்கிவிட்டால் வாய்க்கால் களியாகி வண்டி உள்ளேயே புதைந்துவிடும். அதனால் அக்காவும் நானும் மாற்றி மாற்றி உட்கார்ந்து தோண்டினோம். அக்கா சீக்கிரமே பழகிவிட்டார். லீவரை இழுக்கிற பக்குவம் என்னைவிட அவருக்கு நன்றாக வந்தது. மாடு பிடித்துப் பழகிய கை.

வேலிக்கு அந்தப் பக்கம் சுப்பையா அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனை நீட்டியபடி இருந்தார். ஒரு கட்டி விழாதா என்று பார்த்தார். பக்கெட் அள்ளும், இடப்பக்கம் திரும்பும், அக்காவின் வரப்பில் கொட்டும். வலப்பக்கம் திரும்பத்தான் அதற்கு வழியே இல்லையே. கொட்டக் கொட்ட அக்காவின் பக்கம் கரை எழும்பிக்கொண்டே வந்தது. மத்தியானத்துக்கெல்லாம் அவர் போனில் சார்ஜ் இறங்கிவிட்டது.

ஒரு இடத்தில் ஜாக்கிக்குப் போகிற ஓஸ் குழாய் வெடித்து எண்ணெய் என் முகம் முழுக்க அடித்தது. கண்ணைத் திறக்க முடியாமல் நான் நிற்கிறேன், கரையில் நின்ற கூட்டத்தில் ஒருத்தர் துண்டு தரவில்லை, ஒருத்தர் தண்ணீர் தரவில்லை. அக்காதான் ஓடிவந்து முந்தானையால் துடைத்துவிட்டார். ஓஸை மாற்றி மறுபடி லீவரைப் பிடிக்கும்போது, காலையிலிருந்து நின்ற பெரியவர் ஒருவர் சலிப்போடு கிளம்பினார். போகிறபோது என்னைத்தான் குறை சொன்னார்.

"இம்புட்டு மெதுவாத் தோண்டுனா வேடிக்க பாக்குறவன் எம்புட்டு நேரந்தாம்ப்பா நிப்பான்?"

சத்தம்

ஐப்பசியில் மழை வஞ்சகம் இல்லாமல் பெய்தது. கண்மாய் நிறைந்தது. பிறகு வழக்கம்போல ஒரேயடியாக ஓய்ந்து, கார்த்திகையில் வெயில் அடித்தது. பயிர் வாடத் தொடங்கியதும் மடையைத் திறந்தார்கள். அக்கா ஆள் அனுப்பியிருந்தார். பட்டறையைச் சாத்திவிட்டுப் போனேன்.

தண்ணீர் முதலில் செத்தை சருகைத் தள்ளிக்கொண்டு நுரையோடு வந்தது. நாங்கள் தோண்டிய தடத்தில் அப்படியே இறங்கி ஓடியது. ஒரு இடத்தில் நின்று சுழன்றது. அக்கா காலால் ஒரு வேரைத் தள்ளிவிட்டார், மறுபடி ஓடியது. வயலுக்குள் நுழைந்ததும் வெடித்துக் கிடந்த மண் அதைச் சப்பென்று குடித்தது. நான் அழவில்லை. எண்ணெய் அடித்த கண், அப்பப்போ கரிக்கும்.

அக்கா கத்தாருக்குப் போன் போட்டு வயலைக் காட்டினார். பல்லைப் பற்றியோ பக்கெட்டைப் பற்றியோ ஏதாவது சொல்லப் போகிறார், இந்த முறை நன்றாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பக்கத்தில் தயாராக நின்றேன். முருகேசன் பல்லைக் கேட்கவில்லை. விற்கிற பேச்சையும் எடுக்கவில்லை. இதைத்தான் கேட்டார்: "போனக் கொஞ்சம் கீழ பிடி பாக்கியம், தண்ணி போற சத்தம் கேக்கட்டும்."

சோத்தாங்கை

கார்த்திகைக் கடைசியில் இன்னொரு மழை பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டியது. மிஞ்சிய தண்ணீர் அக்காவின் வயலுக்குள் ஏறாமல் நாங்கள் எழுப்பிய கரை தடுத்துவிட்டது. சுப்பையா அண்ணன் தோப்புக்குள் போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. வேலியோரம் இருந்த வடிகாலை வேலி போடும்போதே தூர்த்துவிட்டிருந்தார். இளங்கன்றுகள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றன. மஞ்ச வண்டியைக் கூட்டிவந்தார். டிரைவர் கல்லுக்காலைப் பார்த்தார், அதற்கும் தென்னை வரிசைக்கும் நடுவிலிருந்த இடுக்கைப் பார்த்தார், உள்ளே போக முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பட்டறை வாசலில் மோட்டார் பைக் சத்தம். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், முழங்கால் வரைக்கும் சேறு. வழக்கமான நலம் விசாரிப்பு எல்லாம் முடிந்தது. டீ வேண்டாம் என்று நான் சொல்லியும் டீ சொன்னார். பிறகு குழைந்துகொண்டே கேட்டார்: "ஒங்க அந்தச் சோத்தாங்கை வண்டிய நாளைக்கு நம்ம தோப்புக்குக் கொஞ்சம் அனுப்பி விடுங்க பாய்."

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். எந்த வண்டி என்று கேட்டேன். கண்ணைக்கூட இமைக்காமல் அதையே மறுபடி சொன்னார். ஊர் முழுக்க எனக்கும் என் வேலைக்கும் பேர் வைத்த வாய் அது. தம்பி பாய் ஆகிவிட்டான், பீச்சாங்கை சோத்தாங்கை ஆகிவிட்டது. கையில் சுத்தியல் இருந்தது. நல்ல வேளை, அதை மேஜையில் வைத்தேன். வண்டிக்குச் சொந்தக்காரர் நான் இல்லை, பாக்கியம் அக்கா, அவரிடம் கேளுங்கள் என்று சொன்னேன். தனியாகப் போகக் கூச்சப்பட்டார் போலிருக்கிறது, என்னையும் கூட வரச் சொன்னார். இதைப் பார்க்காமல் விடுவேனா? போனேன்.

அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. முகத்தில் ஒரு கோபமும் இல்லை, அது எல்லாவற்றையும் நானே வைத்திருந்தேன் போலிருக்கிறது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"தாராளமா வரும்ண்ணே, நாளைக்கே நானே ஓட்டிக்கிட்டு வாரேன். ஆனா அது எடப்பக்கந்தான் மண்ணத் தள்ளும், தோப்புக்குள்ள வந்து நின்னா அதுக்கு எடப்பக்கம் ஒங்க வேலிதான் நிக்கிது, மொதல்ல அதப் புடுங்கிப் போட்டுட்டுச் சொல்லி அனுப்புங்க."

சக பாவிகளே, இரும்பில் ஒரு கையைச் செய்து கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது, அது பீச்சாங்கையா சோத்தாங்கையா என்று பேர் வைப்பது மட்டும் எவன் தோப்பில் தண்ணீர் நிற்கிறதோ அவன் வேலை.